ரெய்லண்டரும் படிக்கட்டில் உறங்கிய சிறுவனும்

ஆஸ்கார் குஸ்டாவ் ரெய்லண்டர் என்ற பெயரை ஈராண்டுகளுக்கு முன் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், ஏதோ ஐரோப்பியக் காற்பந்து ஆட்டக்காரர் என்றுதான் நினைத்திருப்பேன். அவர் 1875இல் மறைந்த ஒரு புகைப்படக் கலைஞர். புகைப்பட வரலாறு படிப்பவர்கள் அவரைக் கலைப் புகைப்படத்தின் தந்தை என்று அழைக்கிறார்கள். நான் அந்த வரலாற்றைப் படிக்கப் போனவன் அல்லன். ஒரு பொய்யைச் சொல்லி மாட்டிக்கொண்டு, அதன் வழியாக அவரிடம் போய்ச் சேர்ந்தவன். எனவே அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கழக நண்பர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை இரவு தலைநகர் சௌக்கிட் வட்டாரத்துக்குச் சென்று, கடையோரங்களில் உறங்குபவர்களுக்கு உணவுப் பொட்டலம் கொடுத்து வருகிறோம். அதற்கு நிதி திரட்டச் சுவரொட்டி ஒன்று வேண்டும் என்றார்கள். எனக்குக் கேமராவும் போட்டோஷாப்பும் ஓரளவு தெரியும் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. உண்மையாகவே அங்கே படுத்திருப்பவர்களைப் படமெடுக்க எனக்கு மனம் வரவில்லை. கேமராவைக் கண்டதும் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொள்கிறவரை எப்படிப் படமெடுப்பது? ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஆளில்லாத ஓர் அஞ்சடியை மட்டும் எடுத்து வந்தேன். பிறகு விடுதியில் என் வகுப்புத் தோழி ஒருத்தியைப் பழைய கைலியைப் போர்த்திக்கொண்டு, முழங்காலில் முகம் புதைத்து உட்காரச் சொன்னேன். வெள்ளைச் சுவரின் முன் அவளைப் பதினைந்து இருபது முறை எடுத்து, அதில் ஒன்றை வெட்டி, அஞ்சடித் தூணின் ஓரத்தில் ஒட்டினேன். நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று கண்டுபிடிக்கவே இரண்டு இரவுகள் ஆயின.

சுவரொட்டி நன்றாக வந்தது. நன்றாக வந்ததுதான் வினை. சிற்றுண்டிச்சாலையில் மேசை துடைக்கும் அக்கா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு உண்டியலில் இருபது வெள்ளி போட்டார். பிறகு என்னைத் தனியே அழைத்து, அந்தப் பெண் எந்தக் கடை வாசலில் இருக்கிறாள் என்று கேட்டார். தம் மகள் திருமணமாகிப் போய்விட்டதால் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறதாம். அழைத்து வந்து வைத்துக்கொள்ளலாமாம். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண் இப்போது அங்கே இல்லை, எங்கோ போய்விட்டாள் என்று சொல்லி நழுவினேன். படத்தில் இருந்தது பொய்யா இல்லையா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. வாயால் சொன்னது பொய்தான்.

இதை எங்கள் விரிவுரையாளர் ஒருவரிடம் சொன்னபோது அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கணினித் திரையில் ஒரு பழைய படத்தைக் காட்டினார். கல் படிக்கட்டு. மூடிய கதவு. கந்தல் உடுத்திய ஒரு சிறுவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகம் கவிழ்ந்து உறங்குகிறான். என் சுவரொட்டியில் தோழி அமர்ந்திருந்த அதே இருப்பு! நான் அந்தப் படத்தை அதற்குமுன் பார்த்ததே இல்லை. எடுத்தவர் ரெய்லண்டர் என்றும், அவர் வாழ்க்கையைப் படித்துவிட்டு வந்து தம்மிடம் பேசும்படியும் சொன்னார்.

ரெய்லண்டர் சுவீடன் நாட்டவர். 1813ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தவர். ஓவியராக வேண்டும் என்று ரோம் நகருக்குச் சென்று, பழைய மேதைகளின் ஓவியங்களைப் பார்த்து வரைந்து பழகினார். பிறகு இங்கிலாந்துக்கு வந்து, 1840களில் வுல்வர்ஹாம்ப்டன் என்னும் தொழில் நகரத்தில் குடியேறினார். பூட்டுக்கும் இரும்புச் சாமான்களுக்கும் பேர்போன ஊர் அது. அங்கே உருவப்படம் வரைந்து பிழைத்தார். புகைப்படம் அப்போது பிறந்து சில ஆண்டுகளே ஆன குழந்தை. ஆடையின் மடிப்பையும் கைவிரலின் வளைவையும் சரியாக வரைய அது உதவும் என்று எண்ணி, 1853இல் லண்டனுக்குப் போய் நிக்கோலாஸ் ஹென்னமன் என்பவரின் ஸ்டுடியோவில் அதைக் கற்றுக்கொண்டார். எத்தனை நாள் என்கிறீர்கள்? ஒரே ஒரு பிற்பகல்! ஊர் திரும்ப அவ்வளவு அவசரம். அந்த அவசரத்துக்காகப் பின்னாளில் அவரே வருந்தினாராம். ஓவியத்துக்கு உதவியாகக் கற்றது, விரைவிலேயே அவருடைய தொழிலாகிவிட்டது.

அந்தக் காலத்துப் புகைப்படம் எடுக்கும் முறையைச் சற்று விளக்கினால்தான் அவர் செய்த வேலையின் அருமை புரியும். ஒரு கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசை போன்ற திரவத்தைப் பூசுவார்கள். அதை வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படமெடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே இருட்டறைக்கு ஓடிக் கழுவ வேண்டும். படமாகப் போகிறவர் பல விநாடிகள் சிலையாக நிற்க வேண்டும். கேமரா ஒரு தூரத்துக்குத்தான் தெளிவாகப் பார்க்கும். முன்னால் இருப்பவர் தெளிவாக இருந்தால் பின்னால் நிற்பவர் மங்கிப்போவார். படத்தைப் பெரிதாக்கும் வசதியும் நடைமுறையில் இல்லை. கண்ணாடித் தகட்டைத் தாளின்மேல் அப்படியே வைத்து வெயிலில் காட்டித்தான் படி எடுப்பார்கள். தகடு எவ்வளவு பெரிதோ, படமும் அவ்வளவுதான்.

ரெய்லண்டருக்கு வழி பிறந்ததே இந்தத் தொல்லையால்தான். ஒருமுறை குழுப்படம் எடுத்தபோது பின்னால் நின்ற ஒருவர் தெளிவில்லாமல் போய்விட்டார். அவரை மட்டும் தனியே எடுத்து, இரண்டு நெகட்டிவ்களையும் ஒரே தாளில் அச்சிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. செய்து பார்த்தார், கூடிவந்தது. 1855இல் மூன்று நெகட்டிவ்களைச் சேர்த்து அச்சிட்ட ஒரு படத்தைக் கண்காட்சிக்கு அனுப்பினார். மூன்று முப்பதானது அதற்கடுத்த ஈராண்டுகளில்.

1857இல் மான்செஸ்டர் நகரில் மாபெரும் கலைக் கண்காட்சி ஒன்று நடந்தது. பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வந்து பார்த்த கண்காட்சி. ரஃபேல், மைக்கேலாஞ்சலோ முதலியோரின் படைப்புகளுக்கு இடமளித்த அதே கூடத்தில் புகைப்படங்களுக்கும் இடம் தந்தார்கள். புகைப்படம் வெறும் இயந்திர வேலை என்று ஏளனம் செய்பவர்களுக்குப் பதில் சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? ரெய்லண்டர் 'வாழ்வின் இரு வழிகள்' என்ற படத்தை உருவாக்கினார். முதலில் தாளில் வரைந்து, யார் எங்கே, எந்த அளவில், எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டார். பிறகு ஒவ்வொருவராக, சிறு சிறு குழுவாக, மாதிரிகளை அழைத்து எடுத்தார். தொலைவில் தெரிய வேண்டியவர்களைக் கேமராவிலிருந்து தள்ளி நிறுத்தினார். வெளிச்சம் எல்லாருக்கும் ஒரே பக்கத்திலிருந்து விழும்படி பார்த்துக்கொண்டார். இப்படிச் சேர்ந்தவை முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள். அடுத்ததுதான் கடினமான வேலை. தாளில் ஓர் உருவம் விழ வேண்டிய இடத்தை மட்டும் திறந்து, மற்ற இடங்களைக் கறுப்பு வெல்வெட் துணியால் மூடி, வெயிலில் வைத்து அச்சிட வேண்டும். பிறகு அடுத்த உருவம். நடுவில் மேகம் வந்தால் காத்திருக்க வேண்டும். ஓரிடத்தில் கை நழுவினால் அதுவரை செய்த அத்தனையும் வீண். ஆறு வாரங்கள் ஆயின. முடிந்த படத்தின் அளவு ஏறத்தாழ 16க்கு 31 அங்குலம். அவ்வளவு பெரிய தாள் இல்லாததால் இரண்டு தாள்களைச் சேர்த்து ஒட்டியிருந்தார்.

என் மடிக்கணினியில் தவறு செய்தால் கண்ட்ரோல் விசையையும் இஸட் விசையையும் தட்டினால் போதும். அது நினைவுக்கு வந்ததும் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இப்போது எங்கள் தம்பி தங்கைகள் அதுகூடச் செய்வதில்லை. செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தால் தெருவும் ஆளும் நிழலும் தாமாகவே வந்துவிடுகின்றன.

படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு முதியவர் நிற்கிறார். அவர் அழைத்து வந்த இளைஞர் இருவர் வாழ்க்கையின் வாசலில் நிற்கிறார்கள். ஒருவன் இடப்பக்கம் திரும்புகிறான். அங்கே சூதும் மதுவும் ஆடையற்ற பெண்களும். மற்றவன் வலப்பக்கம் திரும்புகிறான். அங்கே வழிபாடும் உழைப்பும் குடும்பமும் தருமமும். ரஃபேலின் ஏதென்ஸ் ஓவியத்தைப் பார்த்து அமைத்தது என்பார்கள். மனம் திறந்து சொன்னால் எனக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. பள்ளி ஆண்டுவிழாவில் நன்னெறி நாடகம் முடிந்து எல்லாரும் மேடையில் வரிசையாக நிற்பதுபோல் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அது ஒரு பெருவியப்பு. விக்டோரியா அரசியார் ஒரு படியைப் பத்து கினிக்கு வாங்கித் தம் கணவர் ஆல்பர்ட்டுக்குக் கொடுத்தார்.

அரண்மனைக்குப் போன படம் ஸ்காட்லாந்துக்குப் போனபோது சங்கடத்தில் சிக்கியது. எடின்பரோவில் இருந்த ஸ்காட்லாந்துப் புகைப்படச் சங்கம் ஆடையற்ற பெண்களைக் காட்ட முடியாது என்று முதலில் மறுத்துவிட்டது. பிறகு ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். இடப்பக்கப் பாதியைத் திரையிட்டு மூடி, நல்வழிப் பாதியை மட்டும் காட்சிக்கு வைத்தார்கள்! இரு வழிகளில் ஒரு வழியை மூடிவிட்டால் பிறகு தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை போலும்.

1858 ஏப்ரலில் ரெய்லண்டர் லண்டன் புகைப்படச் சங்கத்தின் கூட்டத்தில் எழுந்து, அந்தப் படத்தை எப்படிச் செய்தேன் என்று ஒன்றுவிடாமல் விளக்கிக் கட்டுரை படித்தார். எத்தனை நெகட்டிவ், எதை எப்படி மூடினார், எங்கே தடுமாறினார் என்று எல்லாவற்றையும் சொன்னார். தொழில் இரகசியத்தைப் பூட்டி வைப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். அவர் வைக்கவில்லை. அதற்குக் கிடைத்த பலன்? ஒட்டு வேலை என்றார்கள். கேமராவைக் கொண்டு பொய் சொல்கிறார் என்றார்கள். ஒழுக்கக்கேடு என்றார்கள். அவருடைய வழியைப் பின்பற்றிய ஹென்றி பீச் ராபின்சன் அதே 1858இல், காசநோயால் இறந்துகொண்டிருக்கும் ஓர் இளம்பெண்ணின் படத்தை ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து உருவாக்கினார். துயரமான ஒன்றை இப்படி நடிக்க வைத்துக் காட்டலாமா என்று அவரையும் ஏசினார்கள். நடித்த பெண் நல்ல உடல்நலத்தோடு இருந்தாள் என்பதுதான் பலருக்குப் பொறுக்கவில்லை. 1859இல் ரெய்லண்டர் ராபின்சனுக்கு எழுதிய கடிதத்தில், பொதுமக்களுக்காகப் படமெடுத்தும், குறிப்பாக இந்தச் சேர்ப்புப் படங்களைச் செய்தும் தாம் சலித்துவிட்டதாகச் சொன்னார். அதில் வருமானமும் இல்லை, மதிப்பும் இல்லை, குறைகூறலும் தவறான பொருள்கொள்ளலும்தான் மிச்சம் என்பது அவருடைய மனக்குறை.

ஆனாலும் அவர் விடவில்லை. 1860இல் 'கடினமான காலம்' என்ற படம் செய்தார். வேலையிழந்த தச்சன் ஒருவன் கட்டிலோரம் அமர்ந்திருக்கிறான்; மனைவியும் பிள்ளையும் உறங்குகிறார்கள். அதன் மேலேயே இன்னொரு காட்சி ஆவிபோல் படிந்திருக்கிறது. அவன் மனத்துக்குள் ஓடுவதை நாமும் பார்ப்பதுபோன்ற ஏற்பாடு. மான்செஸ்டர் படத்தைவிட இது எனக்குப் பல மடங்கு உயர்ந்ததாகப் படுகிறது. இந்தக் காலத்தில்தான் அவருடைய கண் அரண்மனையை விட்டுத் தெருவுக்கு வந்தது. வீதி பெருக்கும் சிறுவர்கள், காசு கேட்டுக் கைநீட்டும் பிள்ளைகள் என்று நகரத் தெருவில் கண்டவர்களை ஸ்டுடியோவுக்குள் கொண்டுவந்தார். அவற்றுள் ஒன்றுதான் விரிவுரையாளர் எனக்குக் காட்டிய படம்.

அது உருவான கதையை இப்படிச் சொல்கிறார்கள். ரெய்லண்டர் ஒரு நாள் இரவு லண்டன் ஹேமார்க்கெட் பகுதியில் நடந்து போனபோது, ஒரு வீட்டு வாசற்படியில் கந்தலுடுத்திய சிறுவன் சுருண்டு கிடப்பதைக் கண்டார். அந்தக் காட்சி அவரை விடவில்லை. ஊர் திரும்பியதும் வுல்வர்ஹாம்ப்டனில் ஒரு சிறுவனைப் பிடித்து, கூலி கொடுத்து, கந்தல் உடுத்தி, அதேபோல் உட்கார வைத்துப் படமெடுத்தார். ஆக, படத்தில் இருப்பவன் லண்டன் சிறுவன் அல்லன். அந்தப் படிக்கட்டும் லண்டன் படிக்கட்டு அல்ல. அவன் உறங்கவுமில்லை.

இதைப் படித்ததும் எனக்கு முதலில் ஓர் ஆறுதல். நான் மட்டுமல்ல, அரசியாரின் கையால் காசு வாங்கியவரும் இதைத்தான் செய்திருக்கிறார்! அடுத்த நிமிடமே அந்த ஆறுதல் போய்விட்டது. ஏனென்றால் அவருக்கு வேறு வழியே இல்லை. 1860 வாக்கில் இரவு நேரத் தெருவில், ஈரத் தகட்டைக் கொண்டு, உறங்கும் ஒருவனைப் படமெடுப்பது நடக்காத காரியம். வெளிச்சம் போதாது, இருட்டறையையும் கூடவே தூக்கிப் போக வேண்டும். கண்ணால் கண்டதைப் பிறருக்குக் காட்ட வேண்டுமென்றால் அவர் அதைத் திரும்பக் கட்டத்தான் வேண்டும். என்னிடமோ இருட்டிலும் படமெடுக்கும் கைப்பேசி இருந்தது. நான் மறுத்தது படுத்திருப்பவரின் மானத்துக்காக என்று என்னையே நான் தேற்றிக்கொண்டிருந்தேன். அதில் பாதி உண்மை. மறுபாதி, என் தோழி படத்தில் அழகாக இருப்பாள் என்பது.

படத்தின் பிற்கால வாழ்வுதான் என்னை இன்னும் உறுத்தியது. அதற்கு 'ஏழை ஜோ' என்ற பெயரும் உண்டு. சார்ல்ஸ் டிக்கன்ஸின் 'ப்ளீக் ஹவுஸ்' நாவலில் வரும், தெருமுனை பெருக்கும் அநாதைச் சிறுவனின் பெயர் ஜோ. 'நகரத்தில் இரவு' என்றும் 'வீடற்றவன்' என்றும் வேறு பெயர்களும் வழங்கின. பெயர் மாற மாற, இது ஒரு ஸ்டுடியோப் படம் என்பது மறைந்துகொண்டே வந்தது. ஆதரவற்ற பிள்ளைகளுக்காக நிதி திரட்டும் அறநிறுவனம் ஒன்று இருபதாம் நூற்றாண்டிலும் இதைப் பயன்படுத்தியது. தாம் பார்ப்பது உண்மைச் சிறுவன் என்று நினைத்தே பலர் பணம் கொடுத்திருப்பார்கள். 'வாழ்வின் இரு வழிகள்' படத்தில் தம் கையிருப்பை எல்லாம் திறந்து காட்டியவர்தான் ரெய்லண்டர். ஆனால் யாரும் அதை நிஜம் என்று நம்பப் போவதில்லை. நம்பப்படக்கூடிய படத்தில்தான் அந்த விளக்கம் தேவைப்பட்டது; அது படத்தோடு பயணம் செய்யவில்லை.

ரெய்லண்டர் இறந்த ஈராண்டுகளில் இந்தக் கேள்வி இங்கிலாந்தில் ஒரு வழக்காகவே வெடித்தது. ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய டாக்டர் பர்னார்டோ, பிள்ளை இல்லத்துக்கு வருமுன் எடுத்த படம், வந்தபின் எடுத்த படம் என்று இரண்டிரண்டாக அட்டைகளை அச்சிட்டு விற்று நிதி திரட்டினார். வருமுன் எடுத்த படத்துக்காகப் பிள்ளைகளின் உடையைக் கிழித்து, இருந்ததைவிட ஏழையாகக் காட்டினார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. 1877இல் நடந்த நடுவர் விசாரணை மற்றப் பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தது. இந்தப் படங்களை மட்டும் கண்டித்தது. அவர் அந்தப் பழக்கத்தை நிறுத்தினார். பிள்ளைகள் உண்மையிலேயே ஏழைகள். இல்லமும் உண்மை. கிழிசல் மட்டும் பொய்.

அதே 1877இல் ஜான் தாம்சன் என்பவர் லண்டன் தெருக்களுக்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு போய், பத்திரிகையாளர் அடால்ஃப் ஸ்மித்துடன் சேர்ந்து ஒரு தொகுப்பை வெளியிடத் தொடங்கினார். அதில் ஒரு படம்: கல் படிக்கட்டில் களைத்துச் சாய்ந்திருக்கும் ஒரு விதவை, மடியில் வேறொருத்தியின் குழந்தை. வேலைக்குப் போன தாய்க்காக அவள் அதைப் பார்த்துக்கொள்கிறாள். ரெய்லண்டரின் படிக்கட்டையும் இந்தப் படிக்கட்டையும் நான் திரையில் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தேன். தாம்சன் நமக்கு அந்நியரும் அல்லர். 1862இல் சிங்கப்பூருக்கு வந்து ஸ்டுடியோ நடத்தியவர். பினாங்கில் பத்து மாதங்கள் தங்கிப் படமெடுத்தவர். பினாங்கில் தமக்குப் படி அச்சிட மெட்ராஸிலிருந்து வந்த இருவரைப் பழக்கி வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். பெரும்பாலும் அவர்கள் தமிழர்களாகவே இருந்திருப்பர். நம்மவர் இருவர் அந்தக் காலத்திலேயே பினாங்கு வெயிலில் கண்ணாடித் தகட்டைத் தாளில் வைத்து அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதைப் படித்தபோது, கட்டுரைக்கு இது தேவையோ இல்லையோ, எழுதாமல் விட முடியவில்லை.

மீண்டும் ரெய்லண்டரிடம் வருவோம். 1862இல் அவர் வாழ்க்கையில் இரண்டு மாற்றங்கள். லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். வுல்வர்ஹாம்ப்டனில் இளம் வயது முதல் அவருடைய படங்களுக்கு மாதிரியாக இருந்த மேரி புல் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். லண்டன் ஸ்டுடியோவில் ஒரு பூனையை அவர் துணைக்கு வைத்திருந்தாராம். ஒளியளக்கும் கருவி இல்லாத காலம். பூனையின் கண்மணி கீற்றுப்போல் சுருங்கியிருந்தால் வெளிச்சம் அதிகம், கேமராவைச் சிறிது நேரம் திறந்தால் போதும். சற்று விரிந்திருந்தால் கொஞ்சம் கூடுதல் நேரம். முழுவதும் விரிந்திருந்தால் அன்றைக்கு வேலையை மூட்டை கட்டிவிட்டு உலாவப் போய்விடுவாராம். 'ஆலிஸ்' கதை எழுதிய லூயிஸ் கரோல் அவரிடம் வந்து 1863இல் படமெடுத்துக்கொண்டார். இன்னொரு படத்தில் ஓவியர் உடையில் நிற்கும் ரெய்லண்டர், தொண்டர் படை உடையில் நிற்கும் ரெய்லண்டரை நமக்கு அறிமுகம் செய்து வைக்கிறார். தம்மையே இருமுறை எடுத்துச் சேர்த்த குறும்பு.

அவருடைய பெயர் இன்றும் அறிவியல் நூலகங்களில் இருப்பதற்குக் காரணம் சார்ல்ஸ் டார்வின். மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை எப்படி வெளிப்படுத்துகின்றன என்று டார்வின் ஒரு நூல் எழுதிக்கொண்டிருந்தார். நொடியில் தோன்றி மறையும் முகக்குறிகளைப் படமாக்க ஆள் தேவைப்பட்டது. ரெய்லண்டர் தம் முகத்தையே கொடுத்தார். அருவருப்பு, வியப்பு, சினம், தோளைக் குலுக்கிக் கையை விரிக்கும் இயலாமை என்று ஒவ்வொன்றையும் நடித்துக் காட்டிப் படமாக்கினார். ஏளனப் புன்னகைக்கு மேரி. 1872இல் வெளியான அந்த நூல், புகைப்படங்களோடு வந்த முதல் அறிவியல் நூல்களுள் ஒன்று. அதில் வாய்விட்டு அழும் குழந்தை ஒன்றின் படம் இருக்கிறது. அன்றைய நாவல் ஒன்றின் பெயரால் 'ஜின்க்ஸின் குழந்தை' என்று அழைக்கப்பட்ட அந்தப் படம் 60,000 படிகளும் 250,000 சிறு அட்டைகளும் விற்றதாகப் பதிவு உண்டு. பிற்கால ஆய்வாளர்கள் அதைக் கூர்ந்து பார்த்தபோது, அது நேரடிப் புகைப்படமே அல்ல என்று கண்டார்கள். மூலப்படம் மிகச் சிறியது. ரெய்லண்டர் அதைப் பார்த்துப் பெரிதாகச் சுண்ணக்கோலால் வரைந்து, அந்த வரைபடத்தைப் புகைப்படம் எடுத்திருக்கிறார்! குழந்தை அழுதது உண்மை. நூலில் இருப்பது அவர் கை.

இவ்வளவு புகழிருந்தும் வீட்டில் வறுமைதான். நோயும் சேர்ந்துகொள்ள, 1875 ஜனவரி 18ஆம் நாள் லண்டனில் இறந்தார். கென்சல் கிரீன் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். மேரி கையில் ஒன்றுமில்லை. அவருக்கு உதவ நிதி திரட்ட முன்வந்தவர்களுள் எடின்பரோ புகைப்படச் சங்கத்தாரும் இருந்தார்கள். 1861இல் பழைய சங்கத்திலிருந்து பிரிந்து தொடங்கிய சங்கம் அது. பாதிப் படத்துக்குத் திரை போட்ட ஊரிலிருந்தே பணம் வந்தது.

வுல்வர்ஹாம்ப்டன் சிறுவனின் பெயரை எங்காவது பார்ப்பேனா என்று படித்த இடத்திலெல்லாம் தேடினேன். அரசியாரின் பெயர் இருக்கிறது. டார்வின் பெயர் இருக்கிறது. படத்துக்கே மூன்று பெயர்கள் இருக்கின்றன.

விரிவுரையாளரிடம் திரும்பிப் போய் இதையெல்லாம் பேசினேன். இந்த ஆண்டுச் சுவரொட்டிக்கும் அதே படத்தைத்தான் பயன்படுத்தினோம். அதைவிட நல்ல படம் எங்களிடம் இல்லை. ஆனால் கீழே, எண்ணெய் விளம்பரத்தில் வருவதுபோல் பொடி எழுத்தில் அல்லாமல், படிக்கும் அளவில் ஒரு வரி சேர்த்தோம். இந்தப் பெண் எங்கள் கழக உறுப்பினர், இந்த அஞ்சடியில் உறங்குபவர்களைப் படமெடுக்க நாங்கள் விரும்பவில்லை என்ற செய்தி அதில் இருந்தது. தோழியின் பெயரையும் போட்டோம். அவளுக்கு அதில் மகிழ்ச்சி. கழகப் பொருளாளருக்கு மகிழ்ச்சியில்லை. உண்டியலில் சேர்ந்த தொகை போன ஆண்டைவிடக் குறைந்துவிட்டது என்று இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்.

சிற்றுண்டிச்சாலை அக்காவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது. ஒரு மாலையில் கூட்டம் குறைந்த பிறகு போய்ச் சொன்னேன். படத்தில் இருப்பது என் தோழி, அவளுக்கு வீடும் பெற்றோரும் இருக்கிறார்கள், நான் அன்று சொன்னது பொய் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மேசையைத் துடைத்து முடித்தார். அடுத்த மேசையையும் துடைத்தார். பிறகு, அப்படியென்றால் அங்கே உண்மையில் யாராவது படுத்திருக்கிறார்களா இல்லையா என்று கேட்டார். இருக்கிறார்கள், பெண்களும் இருக்கிறார்கள் என்றேன். நாங்கள் அடுத்து எந்தச் சனிக்கிழமை போகிறோம் என்று கேட்டு, தேதியைத் தம் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.